நொதிச் சாயங்களால் ரத்தப் புற்றுநோயை வகைப்படுத்துவது எப்படி?

தீவிர ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜையை அடைத்து நிற்கும் பிளாஸ்ட் செல்கள் (முதிராத ரத்தச் செல்கள்), லீஷ்மன் என்னும் வழக்கமான ரத்தச் சாயத்தில் பல சமயம் ஒன்றுபோலவே தோன்றும். அவை மைலாய்டு வகையா (நியூட்ரோஃபில், மோனோசைட் போன்றவற்றின் வழி), லிம்ஃபாய்டு வகையா (லிம்ஃபோசைட் வழி) என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். செல்களின் புரத அடையாளங்களை லேசரால் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவு வர நாள் கணக்கில் காத்திருக்க வேண்டிய இடங்களில், செல்லுக்குள் உள்ள நொதியை நிறமாக்கிக் காட்டும் இந்தச் சோதனைகள் அன்றைக்கே ஒரு திசையைக் காட்டிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, மைலாய்டு செல்களில் உள்ள நொதியான மைலோபெராக்ஸிடேஸ், அதாவது எம்பிஓ, சோதனை. கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி அன்றே எடுத்த ஸ்மியரைக் காற்றில் உலர்த்தி, ஃபார்மலின் கலந்த ஆல்கஹாலில் சிறிது நேரம் பதப்படுத்தி, டிஏபி என்னும் சாயப்பொருளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்தால், நொதி இருக்கும் இடத்தில் பழுப்புத் துகள்கள் படியும். முன்பு பயன்பட்ட பென்சிடின் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால் கைவிடப்பட்டது. டிஏபியையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது கண் உடனே பிளாஸ்ட் செல்களைத்தான் தேடும். அதை அடக்கிக்கொண்டு, இந்த நொதி இயல்பாகவே உள்ள முதிர்ந்த வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களை முதலில் பாருங்கள். அவை அடர் பழுப்பாகவும், லிம்ஃபோசைட்டுகள் நிறமின்றியும் இருந்தால்தான் அந்த ஸ்லைடை நம்பலாம். ஒருமுறை ஜன்னலோரம் இரண்டு நாள் கிடந்த ஸ்மியருக்குச் சாயமிட்டு, 'நெகட்டிவ்' என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் நியூட்ரோஃபில்களும் வெளிறியிருந்தது கண்ணில் பட்டது. வெளிச்சத்திலும் நாள்பட்ட ஸ்மியரிலும் இந்த நொதி செயலிழந்துவிடும். புதிய ஸ்மியரில் அதே நோயாளியின் பிளாஸ்ட் செல்கள் பளிச்சென்று பழுப்பாக நின்றன. நோயின் காரணமாகவே நோயாளியின் நியூட்ரோஃபில்கள் நொதியை இழந்திருக்கவும் கூடும் என்பதால், ஆரோக்கியமான ஒருவரின் ஸ்மியரையும் உடன் சாயமிடுவது நல்லது.

அதன் பிறகு நூறு பிளாஸ்ட் செல்களையாவது எண்ணுங்கள். 3 சதவீதமோ அதற்கு மேலோ பாசிட்டிவ் என்றால் மைலாய்டு. 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் நிபுணர் குழு முன்வைத்த வகைப்பாட்டில் வந்த எல்லை இது. ஆனால், நெகட்டிவ் என்பதாலேயே லிம்ஃபாய்டு என்று முடிவுகட்டிவிட முடியாது. மைலாய்டிலேயே எம்0 (மிகக் குறைவாக முதிர்ந்தது), எம்7 (பிளேட்லெட் வழி வந்தது) வகைகளிலும், பல மோனோபிளாஸ்ட்களிலும் (மோனோசைட்டின் முதிராத செல்கள்) எம்பிஓ தெரியாது.

மோனோசைட் வகை என்ற சந்தேகம் இருந்தால் ஆல்ஃபா நாஃப்தைல் அசிட்டேட் எஸ்டரேஸ் சோதனையை இரண்டு ஸ்லைடுகளில் செய்து, ஒன்றில் மட்டும் மோனோசைட் நொதியைத் தடுக்கும் சோடியம் ஃப்ளோரைடு சேர்க்க வேண்டும். முதல் ஸ்லைடில் செல் முழுதும் பரவியிருந்த நிறம் இரண்டாவதில் மறைந்துவிட்டால் அது மோனோசைட் வழி வந்தது.

நாள்பட்ட மைலாய்டு புற்றுநோயில் பார்க்கப்படும் நியூட்ரோஃபில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணுப் பரிசோதனை வந்தபின் பெரும்பாலும் ஓய்வுபெற்றுவிட்டது. நூறு செல்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால், இந்நோயில் மிகக் குறைவாகவும், கடும் தொற்றில் அதிகமாகவும் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ சேர்த்த குழாய் ரத்தம் இதற்கு ஆகாது. விரல் நுனியில் எடுத்தது ஏற்றது. ஹேரி செல் லுகேமியா என்னும் லிம்ஃபாய்டு வகைப் புற்றுநோயில், டார்டரேட் சேர்த்த பிறகும் ஆசிட் பாஸ்பட்டேஸின் நிறம் நிலைத்திருக்கும்.

ரிப்போர்ட்டில் 'எம்பிஓ நெகட்டிவ்' என்று மட்டும் எழுதாமல், 'நியூட்ரோஃபில்களில் நிறம் சரியாக உள்ளது. பிளாஸ்ட் செல்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. வகையை உறுதிசெய்ய ஃப்ளோ சைட்டோமெட்ரி தேவை' என்று எழுதுங்கள்.