பெயரை நம்பி டிஸ்ப்ளே வாங்காதீர்கள்

போன் சர்வீஸ் பழக வருபவர்களிடம் ஸ்க்ரூவைத் தொலைக்காதே, ஈரக்கையால் தொடாதே என்றெல்லாம் நான் சொல்வதில்லை. வேலையே அதைக் கற்றுக்கொடுத்துவிடும். எத்தனை பேர் பழகிப் போனாலும் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் வேறு. எல்லாம் எனக்கும் பழக்கமானவைதான்.

பெயரைக் கேட்டு உதிரிபாகம் வாங்குவது

"என்ன போன்?" என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் ஒரு பெயர் சொல்வார். உடனே அந்தப் பெயருக்கு டிஸ்ப்ளே ஆர்டர் போய்விடும். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இங்கேதான். பெட்டியில் உள்ள பெயர் விற்பனைக்காக வைத்தது. உதிரிபாகத்துக்கு மாடல் எண் வேண்டும்.

ரெட்மி நோட் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வந்தது, 6.43 அங்குல அமோலெட் திரை. அதே ஆண்டு வந்த ரெட்மி நோட் 10 5ஜி-யில் இருப்பதோ 6.5 அங்குல எல்சிடி. ஒன்றின் டிஸ்ப்ளே மற்றொன்றில் உட்காராது. அந்த 5ஜி போனின் இரட்டைப் பிறவி போகோ எம்3 ப்ரோ 5ஜி என்று வேறு பெயரில் திரிகிறது! கேலக்ஸி எஸ்24-ல் பெயர் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் எஸ்எம்-எஸ்921பி என்ற மாடல் எண் உள்ள போனுக்குள் எக்ஸினோஸ் சிப், அமெரிக்காவில் விற்ற எஸ்எம்-எஸ்921யு-வுக்குள் ஸ்னாப்டிராகன். ஐபோன் 14-ன் அமெரிக்க மாடலில் சிம் தட்டே கிடையாது.

என்னிடம் பழகிய பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு டிஸ்ப்ளேயை வரவழைத்தான். பாதுகாப்பு பிலிமை உரித்து, ஃப்ரேமில் பசையும் தடவிய பிறகுதான் ஸ்ட்ரிப் (டிஸ்ப்ளேயை போர்டோடு இணைக்கும் தட்டை வயர்) கனெக்டரில் சேரவில்லை என்று தெரிந்தது. பிலிம் உரித்த டிஸ்ப்ளேயை யார் திருப்பி எடுப்பார்கள்? "பேரு சரியாத்தானே இருக்கு அண்ணே" என்று நின்றான். வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னதும் நான்தான், பணம் கட்டியதும் நான்தான்.

போன் உயிரோடு இருந்தால் அமைப்புகளில் 'போனைப் பற்றி' பகுதியைத் திறந்து பாருங்கள். ஐபோனில் அங்கே மாடல் எண்ணை ஒருமுறை தட்டினால் 'ஏ' என்று தொடங்கும் எண் வரும். போன் செத்துக் கிடந்தால் பெட்டி, பில், பின்மூடி, சில மாடல்களில் சிம் தட்டு. ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், கிடைத்தாலும் போதும். அதன் 15 இலக்கங்களில் முதல் 8 எந்த மாடல் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டிஸ்ப்ளே வந்ததும் பிலிமைத் தொடாமல், பசையைத் திறக்காமல், ஸ்ட்ரிப்பை மட்டும் மாட்டி டச், வெளிச்சம், கைரேகை எல்லாம் பாருங்கள். திரைக்கடியில் கைரேகை சென்சார் உள்ள போனுக்கு மலிவான எல்சிடி போட்டால் படம் அழகாகத் தெரியும். கைரேகை வேலை செய்யாது. போன் டெலிவரி ஆன பிறகுதான் அந்தச் சண்டை வரும்.

செல்லா, கைபேசியா, அலைபேசியா?

எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சிம் மாற்றினால் ஐஎம்இஐ மாறுமா?

மாறாது. அது போனுடைய எண். இரட்டை சிம் போனில் இரண்டு இருக்கும், *#06# அழுத்தினால் இரண்டும் வரும்.

நனைந்த போனை அரிசியில் போடுவது

போடாதீர்கள். ஆப்பிளே வேண்டாம் என்கிறது. காயும்வரை சார்ஜரையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வீங்கிய பேட்டரி

குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள்.

பேட்டர்ன் மறந்ததும் ரீசெட்

கேட்காமலே ரெக்கவரிக்குள் (பட்டன்களை அழுத்தித் திறக்கும் பழுதுநீக்கும் மெனு) போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து, அப்படி அழித்த போன் மறுபடி எழும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். ஐபோனில் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதல் இதே கதை. கணக்கு நினைவில்லை என்றால் படங்களும் போய், போனும் பூட்டிக்கொள்ளும். ஆகவே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கைவசம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், உரியவரே வேறொரு போனில் அந்தக் கணக்கைத் திறந்து காட்டும்வரை ரீசெட்டில் கைவைக்காதீர்கள்.