ஆர்எக்ஸ்8640 சர்வரை இரண்டு என்-பார்களாகப் பிரிப்பது எப்படி?

எச்பியின் செல் வகை சர்வர்களில் (சூப்பர்டோம், ஆர்எக்ஸ்7640, ஆர்எக்ஸ்8640) ஒரே பெட்டிக்குள் இருக்கும் வன்பொருளைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறையும் தனி சர்வராக ஓட்டலாம். அந்தக் கூறுக்கு என்-பார் என்று பெயர். (கோடு போடாமல் எழுதினால் ‘சொல்வார்’ என்று பொருள் வந்துவிடும்.) அடியில் ஹைப்பர்வைசர் (வன்பொருளை மென்பொருளால் பங்கிடும் அடுக்கு) எதுவும் கிடையாது. ஒரு பிரிவில் மெமரி பழுதாகி அது விழுந்தாலும் பக்கத்துப் பிரிவு தன் பாட்டுக்கு ஓடும்.

நாம் எடுத்துக்கொள்வது 4 செல்கள் உள்ள ஆர்எக்ஸ்8640. ஓஎஸ் எச்பி-யூஎக்ஸ் 11ஐ வி3, நான்கு செல்லும் பிரிவு 0-இல். வெளியே இணைக்கும் ஐ/ஓ விரிவாக்கப் பெட்டி இல்லை. பேக்கப் எடுத்தாயிற்று, எம்பி எனப்படும் மேனேஜ்மென்ட் பிராசசரில் (ஓஎஸ்ஸைச் சாராமல் சர்வரைக் கட்டுப்படுத்தும் பகுதி) லாகின் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த செல் யாருக்கு?

ஒரு செல் என்பது 4 பிராசசர் சாக்கெட்டும் 16 மெமரி ஸ்லாட்டும் கொண்ட ஒரு பலகை. 0, 1 ஒரு பக்கம், 2, 3 இன்னொரு பக்கம் என்று வெட்டத்தான் கை போகும். அப்படி வெட்டினால் இரண்டாவது பிரிவு பூட்டே ஆகாது. ஒவ்வொரு பிரிவிலும் கோர் ஐ/ஓ (கன்சோல் போன்ற அடிப்படை இணைப்புகள்) உள்ள செல் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்த மாடலில் பெட்டிக்குள் இருக்கும் ஐ/ஓ சேஸிகள் இரண்டும் செல் 0-க்கும் செல் 1-க்கும் தான் போகின்றன. பார்ஸ்டேட்டஸ் கட்டளையைப் பெரிய சி-யோடு ஓட்டிப் பாருங்கள். 2, 3 வரிகளில் ‘எதோடு இணைப்பு’ என்ற பத்தியில் வெறும் கோடுதான் இருக்கும். கோர் செல் ஆகுமா என்ற பத்தியில் ‘நோ’.

ஆகவே 0-வும் 2-வும் ஒரு பிரிவு, 1-ம் 3-ம் மற்றது. சேர்கிற இரண்டு செல்லிலும் மெமரி அளவு சமமாக இருக்கட்டும். ஒன்றில் 16 டிம் (மெமரி அட்டை), மற்றதில் 8 என்று இருந்தால் இன்டர்லீவிங் (மெமரியைச் செல்களுக்கிடையே மாற்றி மாற்றிப் பரப்புவது) ஒழுங்காக அமையாமல் வேகம் குறையும்.

செல்லோடு போகிறவை

செல் 1 போனால் அதன் ஐ/ஓ சேஸியும் கூடவே போகும். அதில் மாட்டிய நெட்வொர்க் கார்டு, ஃபைபர் கார்டு, உள் டிஸ்க் எல்லாம் சேர்த்து. விஜி00-இன் (ஓஎஸ் இருக்கும் டிஸ்க் தொகுதி) மிரர் டிஸ்க், அதாவது நகல் டிஸ்க், அந்தப் பக்கம் இருந்தால் கவனம். இரண்டு டிஸ்க்கில் ஒன்று காணாமல் போனால் மிஞ்சுவது சரிபாதி. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் எல்விஎம்முக்குப் பாதி போதாது, பாதிக்கு மேல் வேண்டும். குவோரம் இல்லை என்று பூட் நின்றுவிடும். பூட் செய்யும்போது எல்க்யூ என்ற விருப்பத்தைக் கொடுத்துத் தாண்டலாம்தான். ஆனால் முன்கூட்டியே எல்விரெட்யூஸ் செய்து மிரரைப் பிரித்து, விஜிரெட்யூஸ் செய்து டிஸ்க்கைக் கழற்றிவிடுவதே மேல்.

செல்களை விடுவித்தல்

பிரிவு 0-க்குள் ரூட்டாக இருந்து:

பார்மாடிஃபை -பி 0 -டி 1 -டி 3

சின்ன பி (p) பிரிவின் எண்ணுக்கு, டி (d) எடுக்க வேண்டிய செல்லுக்கு. கட்டளை உடனே முடிந்துவிடும், ஆனால் மாற்றம் இன்னும் நடக்கவில்லை, நிலுவையில் இருக்கிறது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வழக்கம்போல ஷட்டவுன் கட்டளையைச் சின்ன ஆரோடு கொடுத்தால் நான்கு செல்களும் அப்படியே ஒன்றாக மீண்டும் எழுந்து நிற்கும். அடுத்து, புதிய பிரிவை உருவாக்கும் பார்கிரியேட் ஓட்டினால் செல் காலியாக இல்லை என்று பிழை வரும். திரும்பத் திரும்ப ரீபூட் செய்தாலும் அதே கதைதான்.

கொடுக்க வேண்டியது பெரிய ஆர். அதுதான் ‘ரீபூட் ஃபார் ரீகான்ஃபிக்’. செல்கள் எல்லாம் ரீசெட் ஆகி ‘பூட் இஸ் பிளாக்ட்’ என்ற வாசலில் வந்து நிற்கும். புதிய பங்கீடு எழுதப்படுவது அந்தக் கட்டத்தில்தான். அதன்பின் 0-வும் 2-வும் சேர்ந்து பூட் ஆகும், 1-ம் 3-ம் உரிமையாளர் இல்லாமல் வாசலிலேயே காத்திருக்கும். பெரிய ஆரோடு பெரிய எச்சையும் சேர்த்துவிட்டால் எல்லாமே வாசலில் நின்றுவிடும். பயப்படாமல் எம்பியில் கமாண்ட் மெனுவுக்குப் போய் பிஓ (பூட் செய்யும் கட்டளை) கொடுங்கள்.

புதிய பிரிவு

பார்ஸ்டேட்டஸில் 1, 3 யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு:

பார்கிரியேட் -பெரிய பி (P) டெஸ்ட்1 -சி 1::: -சி 3::: -பெரிய பி (B)

இரண்டும் தமிழில் ‘பி’ ஆகிவிடுகிறது. முதலாவது பிரிவின் பெயருக்கு, கடைசியில் வருவது உருவானதும் பூட் செய்யச் சொல்வதற்கு. முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றும் நிரப்ப வேண்டாம், இயல்பு மதிப்புகளே போதும். பார்மேனேஜர் என்ற வரைகலைக் கருவியும் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்: என்ன ஓடியது என்று பிறகு சரிபார்க்கக் கட்டளை வரிதான் நம்பகம்.

எம்பியில் விஎஃப்பி (நிலை காட்டும் திரை) திறந்து செல்களின் நிலையைப் பாருங்கள். பிறகு சிஓ (கன்சோல்), பிரிவு 1. இஎஃப்ஐ ஷெல் (ஓஎஸ்ஸுக்கு முந்தைய பூட் திரை) வந்துவிட்டால் மிச்சம் புது சர்வரில் ஓஎஸ் போடுவது மாதிரிதான். டிவிடி டிரைவ் மற்றப் பிரிவின் பக்கம் மாட்டியிருந்தால் இங்கே தெரியாது. இக்னைட் சர்வர் (நெட்வொர்க் வழியே ஓஎஸ் நிறுவ உதவும் சர்வர்) இருந்தால் லேன்பூட் செய்யலாம். கன்சோலிலிருந்து எம்பிக்குத் திரும்ப கன்ட்ரோல்-பி.

பின்சேர்க்கை

ஒரு செல் எழாவிட்டால் மற்றது அதற்காக 10 நிமிடம் வரை காத்திருக்கும். ‘தொங்கிவிட்டது’ என்று அவசரப்பட்டு ரீசெட் செய்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. உண்மையிலேயே சேர மறுத்தால் சிஸ்ரெவ் கொடுத்து ஃபர்ம்வேர் பதிப்பை ஒப்பிடுங்கள். ஒரே பிரிவில் இரண்டு பதிப்பு ஆகாது.

கமாண்ட் மெனுவில் சிசி பக்கம் கை வைக்காதீர்கள். அது ஜெனிசிஸ் உருவாக்கும்: ஒரே செல் கொண்ட ஒரு பிரிவு மட்டும் மிஞ்சும், இவ்வளவு நேரம் செய்த பங்கீடு அழிந்துவிடும்.

ரீசெட் செய்யும் ஆர்எஸ் கொடுத்தால் எந்தப் பிரிவு என்று எம்பி கேட்கும். 1 என்று அடிப்பதற்குப் பதில் 0 விழுந்தால், ஷட்டவுன் எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் அப்படியே ரீசெட் ஆகும். அடிக்கும் முன் சிபி ஓட்டி, எந்த செல் எந்தப் பிரிவு எண்ணில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.