பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது கோதுமைக் கதிர் படமும் 'நார்ச்சத்து நிறைந்தது' மாதிரியான வரிகளும்தான். முன்பக்கம் கம்பெனி தன் சரக்கை விற்கும் இடம். சட்டப்படி சொல்லியே ஆக வேண்டிய விவரமெல்லாம் பெரும்பாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கும். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியலைத் தேடுங்கள்

டிவியில் தமிழில் கொஞ்சிய விளம்பரம் இங்கே வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்று விதி இருக்கிறது. எனக்கு அதில் தீராத எரிச்சல். சரி, சில சொற்களைப் பழகிக்கொள்வோம். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளார்' என்றால் மைதா. 'பாமோலின்' என்றால் பாமாயில்.

எடை அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முன்பக்கம் பல தானியம், பின்பக்கம் முதல் பெயர் மைதா என்றால், நீங்கள் வாங்குவது மைதா பிஸ்கட்.

படி 2: படத்தில் உள்ள பொருளுக்குச் சதவீதம் பாருங்கள்

பாதாம் படம் போட்டு விற்றால், பாதாம் எத்தனை சதவீதம் என்று பட்டியலில் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த எண்ணைத் தேடுங்கள்.

படி 3: சர்க்கரையை அதன் மாற்றுப் பெயர்களில் தேடுங்கள்

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. சர்க்கரையை ஒரே பெயரில் எழுதினால் அது பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். 'ஷுகர்', 'இன்வர்ட் சிரப்', 'லிக்விட் குளுக்கோஸ்' என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து மனக்கணக்குப் போடுங்கள். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடியான 'மால்டோடெக்ஸ்ட்ரின்' இன்னொரு கில்லாடி. சர்க்கரைக் கணக்கில் முழுதாக வராது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதிய பாக்கெட்டிலும் அதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து சத்து அட்டவணை. 'ஒரு வேளைக்கு' என்ற பத்தியை விட்டுவிட்டு 100 கிராமுக்கான பத்தியைப் படியுங்கள். குழந்தைகளுக்கான ஒரு பானப் பொடியில் 100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் பொடி கலந்தால் 6.4 கிராம். காலையும் மாலையும் ஒரு டம்ளர் குடித்தால், வீட்டில் நீங்கள் போடும் சர்க்கரை போக, ஏறக்குறைய மூன்று டீஸ்பூன்.

படி 4: பெயரையே சந்தேகியுங்கள்

'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கடலை எண்ணெயில் எழுதியிருந்தால் அது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. பக்கத்து ரேக்கில் இருக்கும் மலிவான பாக்கெட்டிலும் இல்லை. ஐஸ்கிரீம் என்று நினைத்து எடுத்ததில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால், பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. நல்லெண்ணெய் மாதிரியே தோற்றமளிக்கும் தீப எண்ணெய் பாட்டில்களையும் கவனியுங்கள். சமையலுக்கு அல்ல என்ற வரி ஓரத்தில் இருக்கும்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் வந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

படி 5: புகார் செய்யுங்கள்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. கூப்பிடும் முன் பில், முன்பக்கம், பின்பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பேட்ச் எண்ணும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.