மலையில் ஓடும் பழைய பத்மினிக்கு இ20 பெட்ரோல்: எதை மாற்றணும், எதைத் தொடக் கூடாது

இப்போது பெட்ரோல் பங்கில் போடும் சாதாரண பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்; இதைத்தான் இ20 என்கிறார்கள். 2022-இல் பத்து சதவீதம், 2025-இல் இருபது என்று ஏறிவிட்டது. பத்மினி காரோ அம்பாசிடரோ உருவான காலத்தில் இப்படியொரு கலவை யார் கணக்கிலும் இல்லை. குன்னூரில் எங்கள் பத்மினியை இதற்குப் பழக்கிய வரிசையை எழுதுகிறேன். அம்பாசிடர், பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் பெட்ரோலைச் சோதியுங்கள்

100 மில்லி அளவுக் குடுவையில் 20 மில்லி தண்ணீர், அதன்மேல் 80 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிவிட்டுச் சற்று நேரம் அசைக்காமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அடியிலுள்ள தண்ணீர் மட்டம் 36-க்குப் பக்கத்தில் நின்றால் இ20, 28 என்றால் இ10, 20-லேயே நின்றால் எத்தனால் இல்லை. எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் என்று அதிக விலை கொடுத்து வாங்கினாலும் இதைச் செய்து பார்த்துவிட்டே நம்புங்கள்.

ரப்பர்

பழைய நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், காய்ந்தால் வெடிப்பு விடும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை வரும் எல்லா ஓஸையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். எத்தனாலைத் தாங்கும் வைட்டான் வகை ரப்பர் உள்சுவரில் இருக்கும் ரகம் அது. பைக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கண்ணாடி ட்யூப்பை நான் காருக்குப் போடவே மாட்டேன். கொஞ்ச நாளில் விறைத்துப்போய் கிளிப்புக்கு அடியில் கசியும்.

ஏசி பம்ப்: இங்கேதான் நிதானம் வேண்டும்

இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பம்பை மெக்கானிக்குகள் இப்படித்தான் சொல்வார்கள். உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வான டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் சொட்டாது, இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள்ளும் இறங்கும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

வைட்டான் டயாப்ரம் கிட் கிடைக்கிறது. எனக்கு வேலை வைத்தது அதைப் பொருத்தும் இடம்தான். புது டயாப்ரத்தை வைத்து ஸ்க்ரூவை நேராக இறுக்கினால் ரப்பர் விறைப்பாக நின்றுவிடும்; ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு ஓரத்தில் கிழியும். பாகம் நல்லதாக இருந்தும் பம்ப் மறுபடி கசிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சரியான முறை இது: பிரிக்கும் முன்பே மேல்பாதி, கீழ்பாதி இரண்டின் மேலும் அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைப் வாய் வேறு பக்கம் திரும்பிவிடும். ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் முடுக்குங்கள். டயாப்ரத்தை இழுக்கும் பம்ப் லீவரை முழு அளவுக்கு அழுத்திப் பிடியுங்கள். டயாப்ரம் கீழே போய்த் தனக்கு வேண்டிய தளர்வை எடுத்துக்கொள்ளும். லீவரை விடாமல், எதிரெதிர் ஸ்க்ரூவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இன்னொரு கை இருந்தால் சுலபம்.

பம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் பேக்லைட் (சூடு கடத்தாத கெட்டி பிளாஸ்டிக்) துண்டைத் தூக்கி எறியாதீர்கள், தடிமனையும் மாற்றாதீர்கள். சூட்டைத் தடுப்பதும் அதுதான், லீவர் எவ்வளவு தூரம் நகரும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான்.

டேங்கும் தண்ணீரும்

எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகை மழையும் கூடலூர் பக்கம் ஆனி ஆடி மழையும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். ஓரளவு தண்ணீரை எத்தனால் தாங்கும். அளவு மீறினாலோ குளிர் கூடினாலோ இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிக்கு பிளக்கை மாற்றும் முன் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நடுவில் கோடு தெரிந்தால் முழுவதையும் வடித்துவிடுங்கள். குலுக்கிச் சேர்க்க நினைக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்க் நிறைந்திருக்கட்டும், அல்லது சுத்தமாகக் காலியாக இருக்கட்டும். பாதி டேங்க்தான் மோசம். உள்ளே லைனிங் பூசச் சொல்லும் ஆட்கள் உண்டு. எத்தனாலைத் தாங்காத பூச்சு உரிந்து பைப்பை அடைக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை; துரு அதிகமென்றால் டேங்க்கையே வெட்டிச் சுத்தம் செய்து வெல்டு வைப்பது மேல்.

எத்தனால் பழைய பிசினையும் கரைத்துக் கொண்டுவரும். அதனால் ஆரம்பத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். உள்ளே தெரிகிற ஃபில்டராகப் போடுங்கள், கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். கார்புரேட்டரைத் திறந்தால், பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையில் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். அது உலோக அரிப்பு.

ஜெட்டைத் தொடாதீர்கள்

இ20-க்குப் பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னத் திருகு) போட வேண்டும் என்று படித்துவிட்டு உடனே துளையைப் பெரிதாக்குகிறார்கள். சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதே ஜெட்டில் இ20 ஓடினால் கலவை ஏறத்தாழ எட்டு சதவீதம் லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. ஆனால் குன்னூர் சுமார் 1,850 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240-இல். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் கார்புரேட்டர் வண்டி தானாகவே ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோல் கூடுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். மலைக்கென்று யாராவது முன்பே சின்ன மெயின் ஜெட் போட்டு வைத்திருந்தால் மட்டும் கம்பெனி அளவுக்குத் திரும்புங்கள். அப்புறம் பிளக் நிறம் பாருங்கள்: இளம் பழுப்பு என்றால் விட்டுவிடலாம். தினமும் கோவை போய் வருபவர் கதை வேறு. அவருக்கு ஒரு அளவு பெரிய ஜெட் தேவைப்படலாம்.

பிற்சேர்க்கை

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருந்த வண்டி பர்லியாறு தாண்டி ஏற்றத்தில் நின்றுவிடுகிறது, பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் மறுபடி ஓடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். எத்தனால் கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறைகிறது. இன்ஜினோ இரண்டாவது கியரில் கொதிக்கிறது. பைப்பில் ஆவி அடைத்தால் பம்ப் வெறுமனே ஆடும். ஈரத்துணி வீடு சேர உதவும். வந்து சேர்ந்ததும் பைப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி ஓடுகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள், நடுவில் ஒரு அலுமினியத் தகடு வையுங்கள். பேக்லைட் துண்டு இல்லாமல் பம்ப் நேராகப் பிளாக்கில் உட்கார்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.