டிஸ்கார்டில் அரட்டை, பின்னணியில் மிக்ஸி

கேம் ஆடிக்கொண்டே வீட்டுக் கதை பேசுவதில்தான் பாதி சந்தோஷம். ஆனால் சட்னி அரைக்கும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தால், எதிரியின் காலடி கேட்காது. கணினியில், குரல் அரட்டைச் செயலியான டிஸ்கார்டின் செட்டிங்ஸில், வாய்ஸ் பகுதிக்குப் போய் ‘புஷ் டு டாக்’ வைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தும்போது மட்டும் மைக் திறக்கும். மவுஸின் பக்கவாட்டுப் பட்டன் இருந்தால் அதுவே வசதி. வாலரன்ட் ஆடுபவர்கள் வி, யு விசைகளைத் தவிர்க்கவும். அங்கே அணிப் பேச்சுக்கும் பார்ட்டிப் (சேர்ந்து ஆட வந்த நண்பர் குழு) பேச்சுக்கும் வழக்கமாக அவைதான்.

டிஸ்கார்டில் உள்ள ‘கிரிஸ்ப்’ என்ற இரைச்சல் குறைப்பு வசதியையும் போட்டுவைக்கலாம். மின்விசிறி இரைச்சலை நன்றாக அமுக்கும், அம்மா திட்டுவதை அமுக்கும் என்று நம்பாதீர்கள்!

அப்புறம், ஒருவர் மட்டும் காது கிழியக் கத்துகிறாரா? அவர் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, உங்களுக்கு மட்டும் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தெரியவே தெரியாது.