எடை மட்டும் போதாது: கம்பஸ் மாணவர்கள் தங்கள் உடற்தகுதியை அளக்கும் முறை

கொழும்புக்கு வந்து போர்டிங்கில் தங்கிப் படிக்கத் தொடங்கியதும் பலருக்கு எடை மாறிவிடுகிறது. காலையில் கன்டீனில் ரோல்ஸ், இரவில் கொத்து ரொட்டி என்று சிலருக்கு ஏறும். நேரத்துக்குச் சாப்பிடாமல் சிலர் மெலிந்துபோவார்கள். ஏறியவர்களுக்கு யாராவது புத்தி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மெலிந்தவர்களை யாரும் கேட்பதில்லை. எனக்கு அவர்களைப் பற்றித்தான் கூடுதல் கவலை. கொழுப்புக் கூடினாலும் தசை குறைந்தாலும் உடற்தகுதி இறங்கும்.

படி 1: பிஎம்ஐ

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண் இது. காலையில் சாப்பிடுமுன் எடை பாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 65 கிலோ, 1.65 மீற்றர் என்றால் 23.9 வரும். 18.5 இற்குக் கீழே எடை போதாது. 25 இலிருந்து அதிக எடை என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஆசியர்கள் 23 இலிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. அதே பிஎம்ஐயில் நமக்கு உடற்கொழுப்புக் கூடுதல், நீரிழிவும் முந்தி வரும்.

படி 2: இடுப்பளவு

தசையையும் கொழுப்பையும் பிஎம்ஐ பிரித்துக் காட்டாது. ரக்பி விளையாடுபவரும் வயிறு வைத்தவரும் ஒரே எண்ணில் நிற்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டதும் அளவெடுங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

படி 3: 12 நிமிட ஓட்டம்

இதுதான் முக்கியம். கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1968 இல் வெளியிட்ட சோதனை. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று போனில் பாருங்கள். மூச்சு வாங்கினால் நடக்கலாம். கொழும்பின் புழுக்கத்தில் வெயில் ஏறினால் தூரம் குறைந்துவிடும். அதனால் விடியற்காலையில் சுதந்திர சதுக்கப் பக்கமோ, வெள்ளவத்தையில் இருந்தால் மரைன் டிரைவோ போங்கள். மீற்றரில் வரும் தூரத்திலிருந்து 504.9 ஐக் கழித்து, 44.73 ஆல் வகுங்கள். 2000 மீற்றர் ஓடினால் 33.4. ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்தில், உடல் அதிகபட்சம் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தும் என்பதன் மதிப்பீடு இது. எடையால் வகுத்த கணக்கு என்பதால் வீண் கொழுப்பு ஏற ஏற எண் இறங்கும்.

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் ஓட வேண்டாம். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

படி 4: புஷ் அப்

முதுகு வளையாமல் எத்தனை எடுக்க முடிகிறது என்று எண்ணுங்கள். ஒல்லியானவர்களின் பலவீனம் பெரும்பாலும் இங்கேதான் தெரியும்.

படி 5: சேர்த்துப் பாருங்கள்

எடை குறைவு, புஷ் அப்பும் குறைவு என்றால் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். மூன்று வேளையும் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, கடலை சேருங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்யுங்கள். பிஎம்ஐ 23 இற்கு மேல், இடுப்பளவும் கூடுதல், ஓட்டமும் மோசம் என்றால் வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையில் தொடங்குங்கள். எடை கூடுதல், ஆனால் இடுப்பளவும் ஓட்டமும் நன்றாக இருக்கிறதா? சரி, அப்படியே தொடருங்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் நான்கையும் திரும்ப அளந்து பாருங்கள். தராசு அசையாவிட்டாலும் ஓட்டத் தூரம் கூடியிருந்தால் பயிற்சி வேலை செய்கிறது.