நுழைகிறதே என்று செருகாதீர்கள்: பழைய கன்சோல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீடியோ கேம் கன்சோல் சேர்க்கிற பைத்தியம் பிடித்த பையன்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். கையில் ஒரு பை. பைக்குள் ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மாமா, சித்தப்பா யாரோ கொண்டுவந்த பெட்டி. முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானே சிரித்ததுதான்.

கேசட்டை ஊதாதே, வயரைப் பிடித்து இழுக்காதே என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை வீட்டில் அம்மாவே சொல்லியிருப்பார்.

அடாப்டர்

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் எனக்குக் கிடைத்தது அமெரிக்காவிலிருந்து வந்த நின்டென்டோ என்இஎஸ். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டைக் குறைக்க ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டினேன். பிறகு வீட்டில் கிடந்த வேறொரு 9 வோல்ட் அடாப்டரைப் போட்டேன், அதிலும் ஓடியது. எந்த அடாப்டரானாலும் சரிதான் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு எனக்கு ஒரு ஃபேமிகாமைக் (என்இஎஸ்ஸின் ஜப்பான் அவதாரம்) காவு வாங்கியது.

என்இஎஸ் ஏன் எதைக் கொடுத்தாலும் தின்றது? அதன் சொந்த அடாப்டரே 9 வோல்ட் ஏசிதான் (மாறுமின்னோட்டம்) தருகிறது. அதை டிசியாக (நேர்மின்னோட்டம்) மாற்றும் ரெக்டிஃபையர் கன்சோலுக்கு உள்ளேயே இருக்கிறது. அதனால் டிசியைத் திருப்பிக் கொடுத்தாலும் அது நேராக்கிக்கொள்ளும். 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் அப்படியில்லை. அதற்கு 10 வோல்ட் டிசி வேண்டும், அதுவும் ப்ளக்கின் நடுமுனை நெகட்டிவாக. உள்ளே ஓடுகிற விளையாட்டுகள் ஒரே குடும்பம், பெட்டியைச் செய்ததும் ஒரே கம்பெனி, ப்ளக்கும் கச்சிதமாக நுழைகிறது. வேறென்ன வேண்டும் என்று என்இஎஸ் அடாப்டரையே செருகினேன். "9-க்கும் 10-க்கும் ஒரு வோல்ட்தானே" என்று பக்கத்திலிருந்த நண்பனிடம் பெருமை வேறு.

பொத்தானைத் தள்ளிய கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம். கபாசிட்டர் வெடித்திருந்தது. 10 வோல்ட்டை 5 ஆக்கித் தருகிற 7805 ரெகுலேட்டரும் போய்விட்டது. இந்த இரண்டும் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்கள், மாற்றிவிட்டேன். அதைத் தாண்டிப் போன சிப்பை மாற்ற முடியவில்லை. அந்தப் பெட்டி இன்னும் என் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் ஒரு பையன் சூப்பர் ஃபேமிகாமோடு வந்தான். முனையை இரண்டு பக்கமும் திருப்பிப் போடக்கூடிய அடாப்டர் வைத்திருக்கிறான். "அண்ணா, கரெக்டா நுழைஞ்சுதுண்ணா!" என்கிறான். நுழையும் தம்பி, நுழையத்தான் செய்யும். சூப்பர் ஃபேமிகாமுக்கும் நடுமுனை நெகட்டிவ்தான், ஃபேமிகாமின் அடாப்டரே அதற்கும் போதும். இவன் திருப்பிப் போட்டிருந்தான். ஃபியூஸோடு தப்பித்தது. எல்லோருக்கும் அப்படித் தப்பாது.

எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்: கன்சோலின் முதுகிலோ அடியிலோ எல்லாம் அச்சடித்தே இருக்கிறது. ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளைவு, இருபுறமும் கூட்டல் கழித்தல் குறிகள். நடுப்புள்ளியிலிருந்து வருகிற கோடு எந்தக் குறியில் முடிகிறதோ அதுதான் நடுமுனை. இன்று கடையில் வாங்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். சேகாவின் முதல் மெகா டிரைவ் நடுமுனை நெகட்டிவ், இரண்டாம் மாடல் பாசிட்டிவ். ஒரே கம்பெனி, ஒரே கன்சோல், இரண்டு மாடலுக்குள் தலைகீழ்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். டிசியில் வைத்து, சிவப்பு முனையை ப்ளக் துளைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுமுனை நெகட்டிவ். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஏசியாக இருக்கலாம், ஏசியில் வைத்து மறுபடி பாருங்கள். பழைய கனமான அடாப்டர் 9 என்று எழுதிக்கொண்டு 13 காட்டினால் பதற வேண்டாம். சுமை இல்லாதபோது அவை அப்படித்தான் காட்டும்.

ஜப்பானியப் பெட்டிகளில் இன்னொரு வினை உண்டு. முதல் பிளேஸ்டேஷன் போன்றவற்றில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும், ஜப்பான் மாடல் 100 வோல்ட்டுக்கானது. முனை மாற்றி ஒன்றைப் போட்டு நம் சுவரில் செருகினால் 230 நேராக உள்ளே போகும். முனை மாற்றி முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

ஒன்பது பின்

1977-ல் வந்த அடாரி 2600-இன் ஒன்பது பின் சாக்கெட்டைப் பின்னால் வந்த பலரும் எடுத்துக்கொண்டார்கள். மெகா டிரைவிலும் அதுதான். தொண்ணூறுகளில் நம்மூரில் விற்ற ஃபேமிகாம் நகல்கள், நாம் 'டிவி கேம்' என்றவை, அவற்றிலும் பலவற்றில் அதே சாக்கெட். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்.

ஆனால் வயர் பேசுகிற பாஷை வேறு. அடாரியில் ஒரு திசைக்கு ஒரு வயர். குச்சியைச் சாய்த்தால் அந்த வயர் கிரவுண்டைத் தொடும், அவ்வளவுதான். ஃபேமிகாம் வழியில் எட்டுப் பொத்தான்களும் ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், பிறகு நான்கு திசைகள். மெகா டிரைவ் ஜாய்ஸ்டிக்குக்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது, அதற்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். அந்த 5 வோல்ட் எல்லாப் பெட்டியிலும் ஒரே பின்னில் வருவதில்லை. மெகா டிரைவ் ஜாய்ஸ்டிக்கைக் கமடோர் 64-இல் செருகினால் கம்ப்யூட்டருக்கே கேடு வரலாம். எந்தப் பெட்டியின் ஜாய்ஸ்டிக் என்று தெரியாமல் மூட்டையாக வாங்கினீர்களானால், முதலில் திறந்து வயரைப் பாருங்கள்.

ஸ்டிக் ஆடினால் ஸ்ப்ரே

எல்லா அனலாக் ஸ்டிக்கும் ஒன்று என்ற நினைப்பு. பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் வகையில் உள்ளே பொட்டன்ஷியோமீட்டர் (ஒரு தடத்தில் உரசி நகரும் மின்தடை), தடம் தேய்ந்தால் பொம்மை தானாக நகரும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு ஸ்டிக்கையே மாற்ற வேண்டும். 1996-ல் வந்த நின்டென்டோ 64-இல் துளைச் சக்கரமும் ஒளிச் சென்சாரும். அதில் தேய்வது பிளாஸ்டிக் கிண்ணம், திறந்தால் வெள்ளைப் பொடி கொட்டும். ஸ்ப்ரேக்கு அங்கே வேலையே இல்லை. உள்ளங்கையை வைத்துச் சுழற்றுவது அதன் எமன். மாரியோ பார்ட்டி என்ற விளையாட்டு அப்படிச் சுழற்ற வைத்ததில் பிள்ளைகளின் கையே புண்ணாகி, 2000-ல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் தலையிட்டு நின்டென்டோ கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. கை ஆறிவிடும், கிண்ணம் ஆறாது.

இன்னொன்று: ஆன் செய்யும்போது ஸ்டிக் இருக்கிற இடத்தைத்தான் நின்டென்டோ 64 நடு என்று எடுத்துக்கொள்ளும். சாய்த்துப் பிடித்தபடி ஆன் செய்துவிட்டு "பழுது" என்று என்னிடம் கொண்டுவராதீர்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நடு சரியாகிவிடும்.

லைட் கன்

டிவியைக் குறிபார்த்துச் சுடும் இந்தப் பழைய விளையாட்டுத் துப்பாக்கி டியூப் டிவியில்தான் வேலை செய்யும். உங்களிடம் டியூப் டிவி இல்லையா? வாங்காதீர்கள்.

சேவ் பேட்டரி

செல்டா மாதிரி விளையாட்டுக் கேசட்டுகளில், சேவ் செய்ததை நினைவில் வைக்க, உள்ளே ஒரு 3 வோல்ட் பட்டன் செல். கழற்றினால் சேவ் அழியும், அது தெரிந்ததுதான். ஆனால் புதுச் செல்லின் மேலேயே சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். சால்டர் செய்ய உலோகக் காது வைத்த செல் தனியாக விற்கிறது.

முதல் எக்ஸ்பாக்ஸ்

இதில் தவறு, ஒன்றும் செய்யாமல் இருப்பது. 2001-இல் வந்த இந்தப் பெட்டியின் பெரும்பாலான பதிப்புகளில், கடிகாரத்துக்கென்று வைத்த கபாசிட்டர் வருஷக்கணக்கில் கசிந்து போர்டின் தடங்களைத் தின்னும். பெட்டியைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் உள்ளே தின்றுகொண்டுதான் இருக்கும். திறந்து, அதை எடுத்துவிட்டு, இடத்தைத் துடைத்துவிடுங்கள். பிறகு ப்ளக்கைப் பிடுங்கினால் தேதி மறந்துபோகும். கேம் ஓடும்.